கழுதைக்குப் போட்ட கவசம்

சூதாட்டம் இல்ல சார். அப்படிப் பாக்காதீங்க. புதுக்கோட்டைல ஏறினதுலேருந்து என் கையவே பாத்துட்டு வர்றீங்க, கேக்கணும்னா வாயத் தொறந்து கேட்டுட வேண்டியதுதானே? இது டைஸு. இருபது பக்கம் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர். பரமபதம் ஆடற கட்டைக்கு அண்ணன்னு வெச்சுக்குங்க. நீங்க எங்க, திருமயமா? சரி, அதுக்குள்ள சொல்லி முடிச்சுடறேன். நான் காரைக்குடி போறேன், ஒரு நியாயம் கேக்க.

விளையாட்டு ரொம்ப சிம்பிள். மேசையச் சுத்தி நாலஞ்சு பேர் உக்காருவோம். ஒருத்தன் கதை சொல்லுவான், அவனுக்குக் கதைக்காரன்னு பேரு. மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளுக்கு ஒரு வேஷம். நான் வீரன், பேரு வேங்கையன். கதைக்காரன், "புதருக்குள்ளேருந்து ஒரு பூதம் பாயுது, என்ன பண்ற?"ம்பான். நான் "வாளை உருவறேன்"ம்பேன். பூதத்தோட அடி என் மேல விழுந்துச்சா இல்லையான்னு டைஸ் சொல்லும். கதைக்காரன்தான் பூதத்துக்காக உருட்டுவான். அவ்வளவுதான். சின்னப் புள்ளைங்க விளையாட்டான்னு மட்டும் கேட்டுடாதீங்க. என் மச்சான் அப்படித்தான் கேட்டான். ஐம்பது வயசுல போன்ல கலர் கலரா முட்டாய உடைச்சுட்டுக் கெடக்கறவன், அவன் கேக்கறான் என்னைப் பாத்து!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கவசம். எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கவசந்தான்.

இந்த ஆட்டத்துல எல்லாரும் மொதல்ல தோல் கவசத்தோட ஆரம்பிப்பாங்க. மாட்டுத்தோல்ல ஒரு சட்டை, அவ்வளவுதான். தோல் கவசம் போட்டவனுக்கு நம்பர் பதிமூணு. அதாவது எதிரிக்கு உருட்டும்போது பதிமூணோ அதுக்கு மேலயோ விழுந்தா அடி பட்டுச்சு. கொறைச்சலா விழுந்தா தப்பிச்சாச்சு. மூணு அடி பட்டா ஆளு காலி. அப்புறம் கதை போகப் போக சங்கிலிக் கவசம், முழு இரும்புக் கவசம்னு கெடைக்கும். முழு இரும்புன்னா பதினெட்டு வந்தாத்தான் அடி. அதனால நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? ரெண்டு பூதத்தைக் கொன்னாப் போதும், இரும்பு எங்க, இரும்பு எங்கன்னு அலைவாங்க. தூ. பயந்தாங்கொள்ளிப் பசங்க. இரும்பைப் போட்டா மூச்சு வாங்கும், நடந்தா லொட லொடன்னு சத்தம், ஒளிய முடியாது, ஆத்துல எறங்க முடியாது. பாத்திரக்கடை நடந்து வர்ற மாதிரி இருக்கும். அதுக்குப் பேரு வீரனா?

கவசத்தை எப்ப மாத்தணும்? நீங்களே சொல்லுங்க. அடி பட்டா மாத்தணும். அடியே படாதவன் எதுக்கு சார் மாத்தணும்?

ஆறு வருஷம் சார். ஆறு வருஷம் வேங்கையன் அதே தோல் சட்டையோட சுத்துனான். ராட்சசன் குகைக்குள்ள போனான், எலும்புக்கூட்டுப் படையோட சண்டை போட்டான், ரெண்டு தலைப் பாம்பு வாய்க்குள்ளயே கைய விட்டான். ஒரு கீறல்? ம்ஹூம். ஒண்ணு கெடையாது.

என்ன விரல மடக்கி மடக்கிக் கணக்குப் போடறீங்க? ஓ, நீங்க கணக்கு வாத்தியாரா இருந்தவரா. பதிமூணுலேருந்து இருபது வரைக்கும் எட்டு நம்பர். ஆமா, இருபது தடவை உருட்டினா எட்டு தடவை அடி பட்டிருக்கணும். கணக்குப்படி பட்டிருக்கணும். படலையே! அதுக்குப் பேருதான் சார் தெறமை. எங்க நிக்கணும், எப்பக் குனியணும், எப்ப ஒதுங்கணும்னு தெரிஞ்சு ஆடணும். இதெல்லாம் உங்க கணக்குல வராது.

எங்க கதைக்காரன் பேரு லூர்து. லூர்துசாமி. பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லிக் குடுக்கறவன், நல்ல மனுஷன். ஆனா கொஞ்சம் இளகின ஆளு, ஒரு கண்டிப்பு கெடையாது. உறையூர்ல சம்பந்தம்னு ஒருத்தர் டைல்ஸ் கடை வெச்சிருக்கார், அந்தக் கடை மாடிலதான் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். சம்பந்தமும் ஆடுவார். அவர் மந்திரவாதி. மந்திரவாதிங்கறதுக்காக மத்தவங்க முதுகுக்குப் பின்னாடியே நிக்கணும்னு சட்டமா என்ன? நிப்பார். அப்படி ஒரு ஆளு.

நான் எப்படி அங்க போய்ச் சேந்தேன்னா, அப்ப எனக்கு ஒரு மாதிரி நேரம். துவாக்குடில நான் வேலை பாத்த பட்டறைய மூடிட்டாங்க. வீட்டுக்காரியும் மகளைக் கூட்டிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அத விடுங்க. பாத்ரூமுக்கு டைல்ஸ் மாத்தலாம், அவ திரும்பி வரும்போது வீடு நல்லா இருக்கட்டும்னு அந்தக் கடைக்குப் போனேன். மாடில ஒரே சிரிப்பு சத்தம். ஏறிப் பாத்தேன். லூர்துதான், "உக்காருங்க சார், ஒரு ஆள் கொறையுது"ன்னான்.

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேஷம் வேங்கையன் இல்ல, வேற ஒரு ஆளு. ஆடத் தெரியாம ஆடி, மொத நாளே செத்துட்டான். சின்ன விஷயம். சும்மா கீழ எறங்கி வந்து டைல்ஸ் பொட்டி மேல உக்காந்தேன். அங்க ஒரே தூசி சார், கண்ணுல விழுந்துடுச்சு, தொடைக்கத் தொடைக்க தண்ணியா வருது. லூர்து எறங்கி வந்து பக்கத்துல உக்காந்தான். கடைசில என் தோளத் தட்டி, "அடுத்த வாரம் கண்டிப்பா வா தியாகு, இனிமே உனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னான். என்னடா இவன், தூசிக்குப் போய் இவ்வளவு அக்கறைன்னு நெனச்சேன். அடுத்த வாரம் போய் வேங்கையனை உண்டாக்குனேன். அன்னையிலேருந்து பாருங்க, அடியே படல. ஒரே வாரத்துல ஆட்டத்தைப் பிடிச்சுட்டேன்!

லூர்து ஆட்டம் நடத்தற விதமே தனி. முன்னாடி ஒரு அட்டைய மடிச்சு நிறுத்திக்குவான். அதுக்குப் பின்னாடிதான் உருட்டுவான், நமக்குத் தெரியாது. அது அந்த ஆட்டத்து வழக்கம், கதைக்காரன் ரகசியம். எனக்கு உருட்டும்போது மட்டும் டைஸப் பாப்பான், அப்புறம் என் மூஞ்சியப் பாப்பான். கொஞ்ச நேரம் பாப்பான். அப்புறம், "தப்பிச்சுட்ட தியாகு"ம்பான். அந்தப் பார்வைய நீங்க பாக்கணும் சார். அசந்து போய்ப் பாப்பான். இவன் எப்படிடா இப்படி ஆடறான்னு.

மத்தவங்களுக்கெல்லாம் அடி விழும். சம்பந்தத்துக்கு விழாத அடியா? ஆளு சங்கிலிக் கவசம், மந்திரக் கேடயம்னு என்னென்னத்தையோ மாட்டிக்கிட்டும் அடி வாங்கிச் சாவார். நான் சொல்லிக் குடுப்பேன். "கவசத்தை நம்பாதீங்க சம்பந்தம், காலை நம்புங்க"ன்னு. அவர் லூர்துவைப் பாப்பார். லூர்து அட்டைக்குப் பின்னாடி குனிஞ்சுக்குவான். பொறாமை சார், வேறென்ன.

இந்த வருஷம் லூர்து சம்சாரத்துக்குக் காரைக்குடில வேலை. குடும்பத்தோட கெளம்பிட்டான். கடைசி ஆட்டம் நடத்தினான் பாருங்க, அதுலதான் வந்துச்சு வினை. ஒரு பாழடைஞ்ச கோட்டைக்குள்ள போறோம். அதோ தெரியுது பாருங்க திருமயம் கோட்டை, அந்த மாதிரி மலை மேல. உள்ள ஒரு பொட்டி. தொறந்தா முழு இரும்புக் கவசம். லூர்து வர்ணிக்கறான்: எடை கம்மி, சத்தம் வராது, போட்டுக்கிட்டே நீந்தலாம், மார்புல வேங்கைப் புலி பொறிச்சிருக்கு. அளவு? சரியா வேங்கையன் அளவு!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஆறு வருஷம் ஒரு கீறல் படாம ஆடினவனுக்கு, கடைசி நாள் இரும்புச் சட்டையா? நீ இதுக்கு மேல தாங்க மாட்டேன்னு சொல்றதுதானே அது? லூர்து அட்டைய ஒதுக்கி வெச்சுட்டு, "கவசத்தை மாத்த ஒரு நேரம் இருக்கு தியாகு. இப்பதான் அது. எனக்காகவாச்சும் போட்டுக்கடா"ன்னான். சம்பந்தமும் சேந்துக்கிட்டார். "யோவ், சொன்னாக் கேளுய்யா, போட்டுக்கய்யா"ங்கறார். மந்திரவாதிக்கு என்ன தெரியும்?

எங்க கூட்டத்துக்கு மூட்டை சுமக்க ஒரு கழுதை இருந்துச்சு. கதைக்குள்ளதான். "இந்தக் கவசத்தைக் கழுதைக்குப் போடறேன்"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. லூர்து சிரிக்கல. "நெசமாத்தான் சொல்றியா?"ன்னான். "நெசமாத்தான். கழுதைக்குத்தான் அது லாயக்கு"ன்னேன். கழுதை நாலு கால்ல போட்டுக்கற மாதிரி வாரெல்லாம் இழுத்துக் கட்டினோம். லூர்து மூஞ்சி தொங்கிப் போச்சு. ஊர விட்டுப் போற வருத்தம்.

அவன் போனப்புறம் யாரு கதைக்காரன்? நிலோஃபர்னு ஒரு பொண்ணு. மருந்துக் கடைல வேலை, போன வருஷந்தான் எங்க ஆட்டத்துக்கு வந்துச்சு. கதைக்காரன் எடத்துல உக்காந்த ஒடனே சட்டம். "எனக்கு அட்டையெல்லாம் வேணாம், எல்லார் முன்னாடியும் உருட்டறேன்"னு வீட்டுலேருந்து ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டாந்து நடு மேசைல வெச்சுட்டா. வெத்தல பாக்கு வெச்சுக் குடுக்கற தட்டு சார் அது! அதுல டைஸ உருட்டினா டங்கு டங்குன்னு சத்தம், விழுந்த நம்பரை எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. ஆட்டமா அது? கதைக்கு ஒரு மரியாத வேணாமா?

மொத ஆட்டம். ஒரு பரிசல் துறை. குட்டிப் பூதங்க, முழங்கால் உசரம் இருக்கும், கைல மீன் குத்தற ஈட்டி. நான் அலட்சியமா முன்னாடி போனேன். டங்கு. பதினாறு. "அடி பட்டுச்சு அங்கிள்"ங்கறா. அங்கிளாம். நான் சொன்னேன், "நல்லாப் பாரும்மா, நான் ஒதுங்கி நின்னேன்". "ஒதுங்கினாலும் பதினாறுதானே அங்கிள்"ங்கறா. மறுபடி டங்கு. பதினாலு. ஆறு வருஷத்துல படாத அடி, முழங்கால் உசரத்துப் பூதங்கிட்ட ரெண்டு!

"அட்டைய வெச்சு உருட்டு"ன்னேன். "எதுக்கு அங்கிள் மறைக்கணும்?"னா. பதில் சொல்லத் தெரியுதா பாருங்க. அப்புறம் பாவம் பாத்த மாதிரி, "அங்கிள், கழுதை மேல அந்த இரும்புக் கவசம் இருக்குல்ல? பூதமெல்லாம் பரிசலப் பாத்துட்டு நிக்குதுன்னு வெச்சுக்கலாம். அதக் கழட்டிப் போட்டுக்குங்க, நான் நேரம் தர்றேன்"னா.

கழுதை போட்டதை நான் போடுவேனா? நீங்க போடுவீங்களா? சொல்லுங்க சார். மாட்டேன்னுட்டேன். சம்பந்தம் தலையில கை வெச்சுக்கிட்டார்.

டங்கு. பத்தொன்பது.

வேங்கையன் செத்துட்டான்.

அந்தத் தாம்பாளம் மட்டும் ரீங்குன்னு ஓஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் அந்தப் பூதங்க கழுதை மேல பாய்ஞ்சுதுங்க. உருட்டறா, ஒண்ணும் படல. உருட்டறா, படல. முழு இரும்பு ஆச்சே! கழுதை நின்னு உதைச்சு மூணு பூதத்தை ஆத்துல தள்ளி, எல்லாரையும் காப்பாத்திடுச்சு. இப்ப எங்க கூட்டத்துல அதுதான் வீரன். சம்பந்தம் சொல்றார், "புது ஆளு தயார் பண்ற வரைக்கும் நீ கழுதைய எடுத்து ஆடுய்யா, அது உன் கவசந்தானே"ன்னு. நல்ல மனசோட சொல்ற மாதிரி சொல்றார்! எனக்கு நெஞ்சு எரியுது சார். இன்னும் எரியுது.

அந்தப் பொண்ணு வேற சும்மா இருக்காம, "லூர்து அங்கிள் ஆட்டத்துல ஆறு வருஷம் எப்படி அங்கிள் தப்பிச்சீங்க?"ன்னு கேக்கறா. தெறமைன்னு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சம்பந்தத்துக்கு இருமல் வந்துடுச்சு. டீய ஊத்தறார், ஃபேனப் பாக்கறார், அவ கால மிதிக்கறார். "நீ உருட்டும்மா, பழங்கதை எதுக்கு"ங்கறார். பாத்தீங்களா? அவருக்கு மனசு குத்துது. ஒரு நல்ல ஆட்டக்காரனை அநியாயமாச் சாகடிச்சுட்டோமேன்னு குத்துது.

சிரிக்கறீங்களா? சிரிங்க. உங்களுக்கு என்ன, நீங்க எறங்கி வீட்டுக்குப் போவீங்க, அங்க ஆளு இருக்கும். எனக்கு சனிக்கிழமை போனா அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பேச ஆள் கெடையாது சார். மகளுக்குப் போன் பண்ணா, "சாப்டீங்களா, நான் சாப்ட்டேன், வெச்சுடவா"ம்பா. அவ்வளவுதான். வேங்கையன் ஒருத்தன்தான் நான் தொட்டதுல ஒழுங்கா நின்னவன். அவனைப் போய் மீன் குத்தற ஈட்டியால.

அதான் லூர்துவுக்குப் போன் போட்டேன். "நீ ஒரு வார்த்தை சொல்லு, அந்தச் சாவு செல்லாதுன்னு. நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க. ஆறு வருஷம் நீதானே உருட்டின, ஒரு தடவையாச்சும் எனக்கு அடி விழுந்துச்சா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு"ன்னேன். லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். ஆகல. மூச்சு சத்தம் கேக்குது. ரொம்ப நேரம் கழிச்சு, "நேர்ல வாடா. சாப்ட்டுட்டுப் பேசுவோம். போன்ல சொல்ற விஷயம் இல்ல"ன்னான். குரலே சரியில்ல. அவனுக்கும் பொறுக்கல பாருங்க. சொல்லுவான். என் முன்னாடியே போனப் போட்டு சம்பந்தத்துக்கிட்ட சொல்லுவான்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? விரல மடக்கறத நிறுத்துங்க மொதல்ல. நம்பலைன்னா இந்தாங்க, நீங்களே உருட்டுங்க. பிடிங்க. கீழ போட்டா பஸ் குலுக்கல்ல உருண்டு போயிடும், ரெண்டு கையையும் குவிச்சு உள்ளயே குலுக்குங்க. நீங்கதான் இப்பக் கதைக்காரன். வேங்கையன் தோல் சட்டையோட நிக்கறான், குட்டிப் பூதம் ஈட்டிய ஓங்குது. பதிமூணோ மேலயோ விழுந்தா வேங்கையன் செத்தது செத்ததுதான்னு ஒத்துக்கறேன். அப்படியே திருமயத்துல எறங்கித் திருச்சி பஸ் பிடிச்சுடறேன், லூர்துவைப் பாக்கவே போகல. கழுதையா ஆடச் சொன்னாலும் ஆடறேன். சத்தியமா. குலுக்குங்க.

ம். பாருங்க. என்ன நம்பர்?

சொல்லுங்க சார், என் மூஞ்சில என்ன எழுதியிருக்கு? டைஸப் பாத்துச் சொல்லுங்க.

பத்தா? பத்து! தப்பிச்சுட்டேனா! பாத்தீங்களா சார், நான் என்ன சொன்னேன்? ஓடற பஸ்ஸுல, முன்ன பின்ன தெரியாத ஆளு உருட்டி, அப்பவும் ஒண்ணும் ஆகல. இதுக்கு எதுக்கு சார் கவசம்? இரும்பாம் இரும்பு. லூர்துகிட்ட இதையும் சொல்லணும். அவனும் இப்படித்தான் சார், உங்கள மாதிரியேதான். மொதல்ல டைஸப் பாப்பான். அப்புறம் என் மூஞ்சியப் பாப்பான். கொஞ்ச நேரம் பாத்துட்டு, அப்புறந்தான்...

கண்டக்டர் விசில் குடுத்துட்டார், உங்க ஸ்டாப் வந்துடுச்சு. இருங்க. எந்திரிக்காதீங்க. டைஸக் குடுத்துட்டுப் போங்க. இல்ல, உருட்டிக் குடுக்காதீங்க, அப்படியே குடுங்க, விழுந்தது விழுந்தபடி.

ஏன் சார் கைய மூடிக்கிட்டீங்க?

கையத் தொறங்க சார்.